எட்கர் ஆலன் போ: பட்ட வாழ்க்கையும் எழுதிய இருட்டும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஒருமுறை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு கதையை உரக்க வாசித்துப் பேசுவோம். எட்கர் ஆலன் போவின் கதையை எடுக்கும் நாட்களில் மட்டும் கதையைவிட அவர் வாழ்க்கையைப் பற்றித்தான் பேச்சு நீளும். கேள்விகளும் திரும்பத் திரும்ப அதேதான். ஒவ்வொரு தடவையும் பாதியை மறந்து, பாதியை மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பதற்கு ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். 'போ' என்று எழுதினால் வாக்கியத்துக்கு நடுவில் கண்ணைத் தடுக்குகிறது, அதனால் எட்கர் என்றே எழுதுகிறேன்.

இவர் யாரு, எந்தக் காலத்து ஆளு? சுருக்கமா சொல்லுங்க.

அமெரிக்கர். 1809 ஜனவரி 19 அன்று பாஸ்டனில் பிறந்தார், 1849 அக்டோபர் 7 அன்று பால்டிமோரில் இறந்தார். நாற்பதே வயது. கவிதை, சிறுகதை, விமர்சனம் மூன்றும் எழுதினார், பத்திரிகை ஆசிரியர் வேலை பார்த்துப் பிழைத்தார். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு 'தி ரேவன்' என்கிற அண்டங்காக்கைக் கவிதையால் இவரைத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்கு உயிரோடு புதைக்கப்பட்டவர்கள், தரைப்பலகைக்கு அடியில் துடிக்கும் இதயம், இடிந்து விழும் பழைய மாளிகை என்று எங்கோ கேள்விப்பட்ட கதைகளால்.

சின்ன வயசுல அப்படி என்னதான் நடந்துச்சு?

அம்மா எலிசபெத், அப்பா டேவிட், இருவருமே நாடகக்காரர்கள். எட்கர் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மா பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊர் ஊராக மேடை ஏறினார், காசநோய் பிடித்துக்கொண்டது, 1811 டிசம்பர் 8 அன்று ரிச்மண்டில் இறந்தார். அம்மாவுக்கு அப்போது வயது 24. எட்கருக்கு மூன்றுகூட நிறையவில்லை. அண்ணன் ஹென்றி, எட்கர், தங்கை ரோசலி என்று மூன்று பிள்ளைகளும் மூன்று வெவ்வேறு வீடுகளில் வளர்ந்தார்கள்.

அம்மாவின் முகம் அவருக்கு நினைவில் இருந்திருக்க வழியில்லை. கையில் மிஞ்சியது அம்மாவின் சின்ன உருவப்படம் ஒன்றும், அம்மாவே வரைந்த பாஸ்டன் துறைமுகப் படம் ஒன்றும். அந்தத் துறைமுகப் படத்தின் பின்பக்கம், தன் மகன் பிறந்த ஊரான பாஸ்டனை என்றும் நேசிக்க வேண்டும் என்று அம்மா எழுதி வைத்திருந்தார். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், அவர் கதைகளில் இறந்துபோன பெண்கள் ஓவியமாகவும் நினைவாகவும் கண்களாகவும் திரும்பி வந்துகொண்டே இருப்பார்கள். ஒரு படத்தைப் பார்த்துத்தான் அம்மாவைத் தெரிந்துகொள்ள முடியும் என்ற நிலையில் வளர்ந்த பிள்ளைக்கு அது வெறும் கற்பனையாக இருந்திருக்காது.

வளர்ப்பு அப்பா பெரிய பணக்காரராமே, அப்புறம் ஏன் இவர் இப்படிக் கஷ்டப்பட்டார்?

ரிச்மண்டில் ஜான் ஆலன் என்ற வியாபாரியும் அவர் மனைவி பிரான்சிஸும் எட்கரை எடுத்து வளர்த்தார்கள். 'ஆலன்' என்ற பெயர் அப்படி வந்து சேர்ந்ததுதான். ஆனால் சட்டப்படி சுவீகாரம் எடுத்துக்கொள்ளவே இல்லை. அதாவது அந்த வீட்டில் அவர் பிள்ளையும் இல்லை, விருந்தாளியும் இல்லை. கோபம் வந்தால் "நீ யார்?" என்று கேட்டுவிடக்கூடிய இடத்தில்தான் கடைசிவரை இருந்தார்.

1825-ல் ஆலனுக்கு மாமாவின் சொத்து பெரிய அளவில் வந்து சேர்ந்தது. மறு வருஷம் எட்கர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வருஷத்துக்குக் குறைந்தது 350 டாலர் ஆகும் இடத்துக்குத் தன்னை 110 டாலர் கொடுத்து அனுப்பினார் என்று எட்கர் பிற்பாடு ஆலனுக்கே எழுதிய கடிதத்தில் கொட்டித் தீர்த்திருக்கிறார். பற்றாக்குறையைச் சமாளிக்கச் சீட்டாட உட்கார்ந்து சுமார் 2000 டாலர் கடனாளி ஆனார். ஆலன் அந்தக் கடனை அடைக்க மறுத்தார், படிப்பு ஒரே வருஷத்தில் நின்றது. இதில் எட்கர் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், பதினேழு வயதுப் பையன் சூதாடியது தப்புதான். ஆனால் 1834-ல் ஆலன் இறந்தபோது எழுதிவைத்திருந்த உயிலில், திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைகளுக்குக்கூடப் பங்கு இருந்தது, எட்கருக்கு ஒரு காசு இல்லை. அதைப் படிக்கும்போது எனக்கு இன்னும் மனசு ஆறுவதில்லை.

வளர்ப்பு அம்மா பிரான்சிஸ் விஷயம் வேறு. அவர் எட்கரிடம் உண்மையான பாசம் வைத்திருந்தார். 1829 பிப்ரவரியில் அவர் இறந்தபோது எட்கர் வேறு பெயரில் பட்டாளத்தில் இருந்தார். விடுப்பு வாங்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. இரண்டாவது அம்மாவின் முகத்தையும் கடைசியாகப் பார்க்கக் கிடைக்கவில்லை.

பட்டாளத்துல இருந்தாரா? எழுத்தாளர்னா கனவு கண்டுக்கிட்டே திரியறவர்னு நினைச்சேன்.

இருந்தார், நன்றாகவும் இருந்தார். 1827-ல் எட்கர் ஏ. பெர்ரி என்ற பெயரில், வயதை நாலு கூட்டிச் சொல்லிச் சேர்ந்து, இரண்டு வருஷத்துக்குள் பீரங்கிப் படையில் சார்ஜென்ட் மேஜர் ஆகிவிட்டார். ஒழுங்காக வேலை பார்க்கத் தெரியாதவருக்கு அந்தப் பதவி கிடைத்திருக்காது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், குடியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும். தென் கரோலினாவில் சல்லிவன் தீவில் இருந்த கோட்டையில் வேலை பார்த்தபோது பார்த்த மணலும் புதரும்தான் பின்னால் 'தி கோல்டு-பக்' என்ற புதையல் கதைக்குக் களமாக ஆனது. அந்தக் கதைக்கு 1843-ல் 100 டாலர் பரிசு கிடைத்தது.

பதிமூணு வயசுப் பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாரே, இதைத் தெரிஞ்சும் எப்படிப் படிக்கிறீங்க?

ஆமாம். 1836 மே 16 அன்று வர்ஜீனியா கிளெம்மை மணந்தார். அவருக்கு 27, அவளுக்கு 14 நிறையவில்லை. வர்ஜீனியா அவருடைய சொந்த அத்தை மகள், அதாவது அப்பாவின் தங்கை மரியா கிளெம்மின் பெண். அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. திருமணப் பத்திரத்தில் பெண்ணுக்கு வயது 21 என்று பொய்யாகக் குறித்திருக்கிறார்கள். அது சகஜம் என்றால் பொய் எழுத வேண்டிய தேவை வந்திருக்காது.

நான் இதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போவேன். அத்தை, அத்தை மகள், இவர் என்று மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்பது அவர்களைப் பார்த்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளிலெல்லாம் வருகிறது. குடும்பம் என்ற ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது இந்த ஒரு தடவைதான். 1849-ல் அம்மாவுக்கென்று அவர் எழுதிய கவிதைகூடப் பெற்ற தாயைப் பற்றியதில்லை, இந்த அத்தையைப் பற்றியது.

அவர் கதையில ஏன் அழகான பெண்கள் செத்துக்கிட்டே இருக்காங்க? மனைவிக்கு வந்த நோய்தான் காரணமா?

இதுதான் அதிகம் கேட்கப்படுவது, எல்லாரும் எதிர்பார்க்கும் பதில் தவறாக இருப்பதும் இதில்தான். வரிசையைப் பாருங்கள். 1842 ஜனவரியில் பாடிக்கொண்டிருக்கும்போது வர்ஜீனியாவின் வாயில் ரத்தம் வந்தது. அன்றுதான் நோய் வெளியே தெரிந்தது. ஆனால் 'பெரனீஸ்', 'மொரெல்லா' இரண்டும் 1835, 'லிஜீயா' 1838, 'தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்' 1839. எல்லாவற்றிலும் பெண் நோயில் வாடுகிறாள், சாகிறாள், சிலதில் திரும்பி வருகிறாள். 1841-ல் வெளியான 'எலினோரா' என்ற கதையில் ஒருவன் தன் அம்மாவின் சகோதரி மகளோடும் அவள் அம்மாவோடும் தனிமையான ஒரு பள்ளத்தாக்கில் வாழ்கிறான், அந்தப் பெண் நோயில் இறந்துபோகிறாள். அந்தக் கதை வந்து சில மாதங்கள் கழித்துத்தான் நிஜ வீட்டில் ரத்தம் வந்தது.

அப்படியானால் இது நடந்ததைப் பார்த்து எழுதியது இல்லை. நடந்துவிடுமோ என்று பயந்து எழுதியது. அந்தப் பயத்துக்குக் காரணம் மேலே சொன்ன இரண்டு சாவுகள். அதோடு சிறுவனாக இருக்கும்போது அவர் தாய் போல மதித்த, நண்பனின் அம்மா ஜேன் ஸ்டானார்ட் 1824-ல் இறந்ததையும், அண்ணன் ஹென்றி 1831-ல் 24 வயதில் போனதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்பு வைத்தவர்கள் இளவயதிலேயே போய்விடுவார்கள் என்பது அவருக்கு இருபத்திரண்டு வயதுக்குள் பாடம் ஆகிவிட்டது.

1842 ஜனவரிக்குப் பிறகு எழுதியதில் நோயின் நேரடித் தடம் தெரிகிற கதை என்று கேட்டால் 'தி மாஸ்க் ஆஃப் தி ரெட் டெத்' என்பேன். வர்ஜீனியாவுக்கு ரத்தம் வந்து நாலே மாதத்தில், 1842 மே மாதம் வெளியானது. கொள்ளைநோய்க்குப் பயந்து ஓர் இளவரசன் ஆயிரம் நண்பர்களோடு மடத்துக்குள் போய்க் கதவுகளை உள்ளிருந்து அடைத்துக்கொள்கிறான். ஏழு அறைகள், முகமூடி விருந்து, இசை, நடனம். கருங்காலிக் கடிகாரம் ஒவ்வொரு மணிக்கும் அடிக்கும்போது மட்டும் எல்லாரும் ஆடுவதை நிறுத்திவிட்டு முகம் வெளுத்து நிற்கிறார்கள், ஓசை அடங்கியதும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு மறுபடி ஆடுகிறார்கள். வீட்டில் காசநோயாளியை வைத்திருந்தவர்களுக்கு அந்த இடம் புரியும். இருமல் வந்தால் எல்லாரும் பேச்சை நிறுத்துவார்கள், நின்றதும் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி பேசுவார்கள்.

குடிச்சுட்டுத்தான் எழுதுவாராமே? அபின் பழக்கம் வேற இருந்துச்சாம்?

குடி இருந்தது, அது அவர் வாழ்க்கையை நிறையக் கெடுத்தது, வேலைகளை இழக்கவும் காரணமானது. அதில் சந்தேகமில்லை. ஆனால் தினமும் குடித்துக்கொண்டே இருந்தவர் இல்லை. மாதக்கணக்கில் தொடாமல் இருப்பார், பிறகு ஏதோ ஒரு நாள் விழுந்துவிடுவார். ஒரு குவளை உள்ளே போனாலே தாங்காத உடம்பு என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சாவதற்குச் சில வாரம் முன்னால்கூட ரிச்மண்டில் மதுவிலக்குச் சங்கத்தில் சேர்ந்து உறுதிமொழி எடுத்துக்கொண்டார்.

அபின் விஷயத்தில் எனக்குப் பிடித்த சாட்சி தாமஸ் டன் இங்கிலிஷ். அவர் எட்கரோடு கைகலப்பு, வழக்கு வரை போன எதிரி, அதோடு மருத்துவம் படித்தவர். அவரே, எட்கருக்கு அபின் பழக்கம் இருந்திருந்தால் அதன் அறிகுறிகள் தன் கண்ணில் பட்டிருக்கும், படவில்லை என்று எழுதியிருக்கிறார். எதிரி கொடுக்கும் நற்சான்றிதழைவிட வேறென்ன வேண்டும்? கதையில் 'நான்' என்று பேசுகிறவன் அபின் சாப்பிடுகிறான் என்பதை வைத்து எழுதியவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

குடித்துவிட்டு எழுதினார் என்பதை அவர் கையெழுத்துப் பிரதிகளே மறுக்கும். சின்னச் சின்ன, சீரான, அச்சு மாதிரியான எழுத்து. தாள்களை நீளவாக்கில் ஒட்டி ஒரே நீளச் சுருளாகச் சுற்றி அனுப்பும் பழக்கம் அவருக்கு உண்டு. வெளியான கவிதைகளையும் விடாமல் திருத்திக்கொண்டே இருந்தார். கை நடுங்குகிறவர் செய்கிற வேலை இல்லை இது.

1848-ல் ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைப் பற்றிப் பேசுகிறார். மனைவி பிழைத்துவிடுவாள் என்று நம்புவதும் மறுபடி ரத்தம் வந்து நம்பிக்கை போவதுமாக வருஷக்கணக்கில் அல்லாடியதில் புத்தி பேதலித்தது, அந்த நிலையில்தான் குடித்தேன், என் எதிரிகள் குடித்ததால் புத்தி பேதலித்தது என்று திருப்பிச் சொல்கிறார்கள் என்பது அதன் சாரம். முழுக்க நம்புவதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். எனக்கு அந்தக் கடிதத்தில் பொய் தெரியவில்லை.

'ரேவன்' கவிதை மனைவி செத்த துக்கத்துல எழுதினதுதானே?

இல்லை. கவிதை வெளியானது 1845 ஜனவரி 29, நியூயார்க்கின் ஈவினிங் மிரர் பத்திரிகையில். வர்ஜீனியா இறந்தது 1847 ஜனவரி 30. இரண்டு வருஷ இடைவெளி. லெனோர் என்பவளை இழந்தவன் நள்ளிரவில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது ஓர் அண்டங்காக்கை உள்ளே வந்து சிலைமேல் உட்கார்ந்துகொண்டு எதைக் கேட்டாலும் 'நெவர்மோர்', அதாவது 'இனி ஒருபோதும் இல்லை' என்ற ஒரே சொல்லைச் சொல்கிறது. அவளை மறுபடி பார்ப்பேனா என்று அவன் கேட்கிறான். பதில் என்னவென்று தெரிந்தே கேட்கிறான். அந்த இரண்டு வருஷமும் அடுத்த அறையில் வர்ஜீனியா இருமிக்கொண்டிருந்த நாட்கள்தான்.

கணக்குப் போட்டுத்தான் எழுதினேன்னு அவரே கட்டுரை எழுதியிருக்காரே, அப்ப வாழ்க்கைக்கும் கவிதைக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி, இங்கேதான் வழக்கமாகச் சண்டை வரும். 1846-ல் எழுதிய அந்தக் கட்டுரையில், ஒரே மூச்சில் படித்து முடிக்கும்படி சுமார் நூறு வரி என்று முதலில் தீர்மானித்தேன் (வந்தது 108), சோகமே சரியான தொனி, திரும்பத் திரும்ப வரும் ஒரே சொல் வேண்டும், அதில் நீண்ட 'ஓ' ஒலியும் 'ர்' ஒலியும் இருக்க வேண்டும், அந்தச் சொல்லைப் பகுத்தறிவு இல்லாத ஓர் உயிர் சொல்ல வேண்டும், முதலில் கிளியைத்தான் நினைத்தேன் என்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டு போவார். உலகத்திலேயே கவிதைக்கு மிகப் பொருத்தமான பொருள் அழகிய பெண்ணின் மரணம் என்ற அந்தப் பிரபலமான வரியும் இதில்தான் இருக்கிறது.

கவிதை எழுதி முடித்த பிறகு இவ்வளவு சுத்தமாகக் கணக்குச் சொல்ல யாராலும் முடியும், எழுதும்போது இப்படி நடந்திருக்காது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு இடத்தில் அவர் கணக்கே அவரைக் காட்டிக்கொடுக்கிறது. சோகங்களில் பெரிய சோகம் எது என்று கேட்டு, மரணம் என்று பதில் சொல்லி, அடுத்த படியில் அழகிய பெண்ணின் மரணம் என்று போய்விடுகிறார், ஏதோ எல்லாருக்கும் தெரிந்த விஷயம் மாதிரி. குழந்தையின் மரணம் ஏன் இல்லை? நண்பனின் மரணம் ஏன் இல்லை? ரிச்மண்டில் அம்மாவை இழந்த குழந்தைக்கு அந்தப் படி கேள்வியே இல்லாத படி. அளவு, ஒலி, வரிகளின் எண்ணிக்கை எல்லாம் கைவேலை. எதை எழுதுவது என்பது மட்டும் அவர் தேர்ந்தெடுக்காமலேயே அவரிடம் இருந்தது.

கதையில 'நான்'னு பேசற கொலைகாரன் அவரேதானா? 'பிளாக் கேட்' படிச்சா அப்படித்தான் தோணுது.

'தி பிளாக் கேட்' கதையில் ஒருவன் குடிக்கு அடிமையாகி, ஆசையாக வளர்த்த பூனையின் கண்ணைப் பிடுங்கி, பிறகு மனைவியையும் கொல்கிறான். எட்கர் குடிப்பார், வீட்டில் பூனை வளர்த்தார், மனைவி இருந்தாள். மூன்றும் ஒத்துப்போகிறது என்று நினைக்கிறோம்.

நிஜ வீட்டில் இருந்த பூனையைப் பற்றிச் சொல்கிறேன். கடைசிக் காலத்தில் நியூயார்க்கை அடுத்த ஃபோர்டமில் ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். அங்கே போய்ப் பார்த்த மேரி கோவ் என்ற பெண் எழுதியிருக்கிறார்: குளிர், வர்ஜீனியா வைக்கோல் மெத்தையில் படுத்திருக்கிறாள், போர்த்திக்கொள்ளச் சரியான போர்வை இல்லாமல் கணவனின் பழைய பெரிய கோட்டைப் போர்த்தியிருக்கிறாள், அவள் நெஞ்சின்மேல் ஆமை ஓட்டு நிறத்தில் ஒரு பெரிய பூனை. சூட்டுக்கு அந்தக் கோட்டும் பூனையும்தான். எட்கர் அவள் கைகளையும், அத்தை அவள் கால்களையும் பிடித்துச் சூடு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பூனையின் பெயர் கேட்டரினா. கதையில் வருகிறவன் இவர் இல்லை. தான் அவனாக ஆகிவிடக்கூடும் என்ற பயம் இவருக்கு இருந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

'தி டெல்-டேல் ஹார்ட்' கதையிலும் இதையே பார்க்கலாம். கிழவரைக் கொன்றவன், எனக்குப் பைத்தியம் இல்லை, எவ்வளவு நிதானமாகச் சொல்கிறேன் பாருங்கள் என்று நம்மிடம் வாதாடிக்கொண்டே இருக்கிறான். பேசுகிறவன் நிதானம் இழந்தவன், எழுதினவர் ஒவ்வொரு கோடும் முற்றுப்புள்ளியும் எங்கே விழ வேண்டும் என்று தெரிந்தவர். பஞ்சில் சுற்றி வைத்த சட்டைப்பைக் கடிகாரம் மாதிரி மெல்லிய ஓசை என்று இதயத்துடிப்பைச் சொல்லும் இடத்தில் வாக்கியமே துடிக்க ஆரம்பிக்கும், கேட்டுப் பாருங்கள்.

துப்பறியும் கதையை ஆரம்பிச்சு வச்சவரும் இவர்தானாமே? பேய்க்கதைக்கும் அதுக்கும் என்ன ஒட்டு?

இவர்தான். 1841 ஏப்ரலில் வந்த 'தி மர்டர்ஸ் இன் தி ரூ மோர்க்' கதையில் டூபின் என்ற பாரிஸ்காரர், பூட்டிய அறைக்குள் நடந்த கொலையை யோசித்தே கண்டுபிடிக்கிறார். தனியாக வாழும் விசித்திரமான புத்திசாலி, பக்கத்தில் இருந்து வியந்து கதை சொல்லும் நண்பன், திணறும் போலீஸ். ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கானன் டாயில் இந்தக் கடனை வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஜப்பானில் தாரோ ஹிராய் என்பவர் துப்பறியும் கதை எழுத வந்தபோது எட்கர் ஆலன் போ என்ற பெயரையே ஜப்பானிய உச்சரிப்பில் திருப்பி எடோகாவா ராம்போ என்று வைத்துக்கொண்டார்.

ஒட்டு என்னவென்றால், இரண்டும் ஒரே மனசிலிருந்து வருகிறது. ஒன்றில் பயம் கட்டுக்கடங்காமல் போகிறது, இன்னொன்றில் அதே பயங்கரத்தைப் புத்தியால் கட்டிப்போடுகிறார். வீட்டுக்குள் நடப்பதற்கு எந்தக் காரணமும் கிடைக்காமல் தவித்தவர், எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்துவிடுகிற ஓர் உலகத்தைக் கட்டினார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு பேர் வாங்கியும் ஏன் கையில காசே இல்ல?

எழுத்தை மட்டும் நம்பிப் பிழைக்கப் பார்த்தார், அதுதான். அப்போது வெளிநாட்டு எழுத்தாளர்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமைப் பாதுகாப்பு இல்லாததால் பதிப்பகங்கள் இங்கிலாந்துப் புத்தகங்களைக் காசு கொடுக்காமலே அச்சடித்துக்கொண்டன, பிறகு உள்ளூர்க்காரருக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? 'ரேவன்' அவரை ஒரே மாதத்தில் நாடு முழுக்கப் பிரபலமாக்கியது, அதற்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒன்பது டாலர் என்பார்கள். கிரஹாம்ஸ் பத்திரிகையில் வருஷத்துக்கு 800 டாலர் சம்பளம் வாங்கியதுதான் ஓரளவு நல்ல காலம். தான் நினைத்த மாதிரி ஒரு பத்திரிகையைத் தானே தொடங்கி நடத்த வேண்டும் என்ற கனவு சாகும்வரை நிறைவேறவில்லை.

கடைசியில எப்படித்தான் செத்தார்?

யாருக்கும் தெரியாது. 1849 செப்டம்பர் 27 அன்று ரிச்மண்டிலிருந்து கிளம்பினார். அக்டோபர் 3 அன்று பால்டிமோரில், தேர்தல் நாளில், வாக்குச்சாவடியாக இருந்த ஒரு மதுக்கடையில் நினைவு தவறிய நிலையில் கிடந்தார். உடம்பில் இருந்தது அவருடைய உடை இல்லை, யாருடையதோ அழுக்குத் துணி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். என்ன நடந்தது என்று தெளிவாகச் சொல்லும் நிலைக்கு வராமலே நாலாம் நாள் விடியற்காலை இறந்துபோனார். இறப்புச் சான்றிதழோ மருத்துவக் குறிப்போ எதுவும் இப்போது இல்லை. பார்த்த மருத்துவர் பின்னாளில் சொன்ன விவரங்கள் தடவைக்குத் தடவை மாறின.

குடி, மூளைக் கட்டி, வெறிநாய்க்கடி என்று பல ஊகங்கள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் ரவுடிக் கும்பல்கள் ஆளைப் பிடித்து அடைத்துவைத்து, குடிக்கக் கொடுத்து, உடையை மாற்றி மாற்றிப் பல சாவடிகளில் கள்ள ஓட்டுப் போட வைப்பது உண்டு. தேர்தல் நாள், மதுக்கடை, அடுத்தவர் உடை மூன்றும் அதோடு பொருந்துகிறது. பொருந்துகிறது என்பதற்குமேல் சொல்ல முடியாது.

அப்போ குடிகாரன், பைத்தியம், கெட்டவன்னு பேரு எப்படி வந்துச்சு? எங்க சாரே அப்படித்தான் சொன்னார்.

எனக்குக் கல்லூரியில் பாடம் எடுத்தவரும் அப்படித்தான் சொன்னார், நானும் பத்து வருஷம் நம்பினேன். இந்தப் பேரை ஏற்படுத்தியவர் ஒரே ஆள், ரூபஸ் கிரிஸ்வோல்ட். கவிதைத் தொகுப்பாளர், எட்கரின் விமர்சனத்தால் புண்பட்டவர், கிரஹாம்ஸ் பத்திரிகையில் எட்கர் விட்ட நாற்காலியில் உட்கார்ந்தவர். அடக்கம் முடிந்த மறுநாள், அக்டோபர் 9 அன்று நியூயார்க் டிரிப்யூனில் 'லுட்விக்' என்ற புனைபெயரில் ஓர் இரங்கல் எழுதினார். எட்கர் இறந்துவிட்டார், வருந்துகிறவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள் என்ற தொனியில் தொடங்குகிற இரங்கல் அது.

அதோடு நிற்கவில்லை. எட்கரின் படைப்புகளைத் தொகுத்துப் பதிப்பிக்கும் பொறுப்பும் இவர் கைக்கே வந்தது. 1850-ல் அதில் ஒரு வாழ்க்கை வரலாறு எழுதிச் சேர்த்தார், எட்கரின் கடிதங்களில் தனக்குச் சாதகமாக வரிகளை இட்டுக்கட்டிச் சேர்த்தார். படைப்புகளோடு சேர்ந்தே பொய்யும் அச்சாகி விற்றது. 1941-ல் ஆர்தர் ஹாப்சன் க்வின் எழுதிய வரலாற்றில் மூலக் கடிதங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு அந்தப் பித்தலாட்டத்தை வெளிப்படுத்தும்வரை தொண்ணூறு வருஷம் ஓடியது. கொடுமை என்னவென்றால், இருண்ட கதை எழுதினவன் இருண்டவனாகத்தான் இருப்பான் என்று நினைக்க நமக்குப் பிடித்திருக்கிறது, அதனால் பொய் சுலபமாக ஒட்டிக்கொண்டது.

அப்போ கஷ்டப்பட்டாத்தான் இப்படி எழுத முடியுமா? நான் எழுதறவன், உண்மையா கேக்கறேன்.

உண்மையாகவே சொல்கிறேன், தம்பி. மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே அம்மாதான் இறந்தார். ஹென்றியும் கவிதை எழுதினான், 24 வயதில் போய்விட்டான். ரோசலி 1874 வரை இருந்து, கடைசியில் ஒரு தர்ம இல்லத்தில் இறந்தாள். எழுத்தாளர் என்று அவள் பெயர் எங்கும் இல்லை. துக்கம் மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது, இரவு இரவாக உட்கார்ந்து திருத்தியது எட்கர்.

இன்னொன்றும் பார்த்துக்கொள். 1838-லிருந்து 1844 வரை பிலடெல்பியாவில் இருந்த ஆறு வருஷத்தில்தான் மேலே பேர் சொன்ன பெரும்பாலான கதைகள் எழுதப்பட்டன. அதில் முதல் நாலு வருஷம் வர்ஜீனியா நலமாக இருந்தாள், வீடு இருந்தது, இடையிடையே பத்திரிகை வேலையும் இருந்தது. அவள் இறந்த 1847-ல் அவர் மிகக் குறைவாகத்தான் எழுதினார், சொல்லும்படியாக 'உலலூம்' என்ற கவிதை. துயரம் உச்சத்தில் இருக்கும்போது கை ஓடவில்லை. அதனால் எழுதுவதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, குடிக்காதே, மனசு சரியில்லை என்றால் மருத்துவரைப் பார். அவருக்கு அந்த வசதி கிடைத்திருந்தால் இன்னும் இருபது வருஷக் கதைகள் நமக்குக் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறவன் நான்.

சரி, எதுல இருந்து படிக்க ஆரம்பிக்கறது?

முதலில் 'தி டெல்-டேல் ஹார்ட்', சில பக்கம்தான், வாய்விட்டுப் படிக்க வேண்டும். அப்புறம் 'ரெட் டெத்', அதன் பிறகு 'அஷர்'. இருட்டு போதும் என்று தோன்றினால் 'தி பர்லாயின்டு லெட்டர்', டூபின் வரும் கதை, பேய் பிசாசு எதுவும் கிடையாது. வாழ்க்கை வரலாற்றைக் கதைகளுக்கு அப்புறம் படியுங்கள், முதலிலேயே படித்தால் ஒவ்வொரு வரியிலும் வர்ஜீனியாவைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

கடைசியாக 'அன்னபெல் லீ'. கடலோர ராஜ்ஜியத்தில் சின்ன வயதில் காதலித்த இரண்டு பேர், குளிர்காற்று வந்து பெண் இறந்துபோகிறாள், அவன் இரவெல்லாம் கடலோரக் கல்லறையில் அவள் பக்கத்தில் படுத்துக்கிடக்கிறான். குழந்தைப் பாட்டு மாதிரி எளிய சொற்கள். அது அச்சில் வந்தது 1849 அக்டோபர் 9, டிரிப்யூனில், கிரிஸ்வோல்டின் அதே இரங்கல் கட்டுரையின் முடிவில். போன மாதம் எங்கள் கூட்டத்தில் முதலில் அந்தக் கட்டுரையின் தொடக்கத்தை வாசித்தோம், பிறகு அப்படியே கீழே இறங்கி இந்தக் கவிதையை வாசித்தோம். வாசித்து முடித்தவுடன் ஓர் அக்கா, "இதைப் போட்டுட்டு அவனுக்கு எப்படி மேல எழுதினதை அழிக்கத் தோணலை?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மட்டும் இங்கே என்னிடம் பதில் இல்லை.